அமெரிக்க பிரைமரி: திறப்பதா, மூடுவதா? மூன்றாவது கட்சிக்கு வழி உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் நெருங்கினாலே சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். "அங்கே ஏன் ரெண்டே கட்சி?" என்று ஆரம்பித்து, "பிரைமரியில் யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாமா?" என்பதில் வந்து நிற்கும். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் கூடவே வருகிறது.

பிரைமரி என்றால் என்ன? நம்மூரில் அதுபோல ஏதாவது உண்டா?

இல்லை. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வந்தால் கட்சி அலுவலகத்தில் பணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார்கள், தலைமை நேர்காணல் நடத்தும், அப்புறம் ஒருநாள் பட்டியல் வெளியாகும். யாருக்கு சீட் என்பதில் தொகுதி வாக்காளருக்கு எந்தப் பங்கும் கிடையாது. அமெரிக்காவில் அந்த சீட்டையே வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அந்தத் தேர்தல்தான் பிரைமரி. அதில் ஜெயித்தவர்கள் நவம்பர் பொதுத் தேர்தலில் மோதுகிறார்கள்.

அங்கேயும் ஒரு காலத்தில் கட்சிப் பெரிய மனிதர்கள்தான் வேட்பாளரைத் தீர்மானித்தார்கள். அதை உடைக்கப் போராடியவர்களில் முக்கியமானவர் விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட். அவர் கொண்டுவந்த நேரடி பிரைமரி சட்டத்தை 1904இல் அந்த மாநில மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். அதிபர் வேட்பாளர் விஷயத்தில் மாற்றம் வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1968இல் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியை ஜனநாயகக் கட்சி சிகாகோ மாநாட்டில் வேட்பாளர் ஆக்கியது. உள்ளே கூச்சல், வெளியே போலீஸ் தடியடி. அதற்குப் பிறகு விதிகள் திருத்தப்பட்டு, 1972 முதல் வேட்பாளரை முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் பிரைமரி வாக்காளர்களின் கைக்கு வந்தது.

திறந்த பிரைமரி, மூடிய பிரைமரி – என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்றும் குறிக்கலாம். அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே அதன் பிரைமரியில் வாக்களிக்கலாம் என்றால் அது மூடிய பிரைமரி. நியூயார்க், ஃபுளோரிடா, பென்சில்வேனியா இப்படித்தான். எவரும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம் என்றால் திறந்தது. டெக்சாஸ், மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா இந்த வகை. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்கள் நடுவில் நிற்கின்றன: எந்தக் கட்சியிலும் பதியாதவர் விரும்பிய பக்கம் போகலாம், ஒரு கட்சியில் பதிந்தவர் இன்னொன்றுக்குத் தாவ முடியாது.

எல்லா இடத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே நாளில் இரண்டு கட்சி பிரைமரியிலும் வாக்களிக்க முடியாது.

"திறந்தது" என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் வாக்குச்சாவடியில் அனுபவம் வேறு. விஸ்கான்சினில் எல்லாக் கட்சிகளின் பட்டியலும் ஒரே வாக்குச்சீட்டில் இருக்கும். மறைப்புக்குள் போய் எந்தக் கட்சியின் பட்டியலில் குறிக்கிறீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். டெக்சாஸில் மேஜையிலேயே கேட்டுவிடுவார்கள். டாலஸ் பக்கம் இருக்கும் என் தங்கை, குடியுரிமை வாங்கியபின் 2024 மார்ச்சில் முதல்முறையாக வாக்களிக்கப் போனாள். அடையாள அட்டையைப் பார்த்த தேர்தல் ஊழியரான ஓர் அம்மா, "எந்தக் கட்சி வாக்குச்சீட்டு வேண்டும்?" என்று கேட்டாராம். பின்னால் வரிசையில் தெருக்காரர்கள், மகளின் பள்ளி நண்பர்களின் பெற்றோர்கள். வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தாள்: "அண்ணா, ரகசிய ஓட்டுன்னு சொன்னீங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி கட்சிப் பேரைச் சொல்ல வேண்டியிருக்கு." யாருக்கு வாக்களித்தாள் என்பது ரகசியம்தான், எந்தக் கட்சியின் சீட்டை வாங்கினாள் என்பது பதிவேட்டில் ஏறிவிடும். ஒருவேளை மே மாதத்தில் இரண்டாம் சுற்று வந்தால், அவளால் அதே கட்சிக்குள்தான் வாக்களிக்க முடியும்.

இதைப்பற்றி இவ்வளவு சண்டை ஏன்? நவம்பர் தேர்தல்தானே முக்கியம்?

பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. பிரதிநிதிகள் சபையின் 435 தொகுதிகளில் உண்மையான போட்டி உள்ளவை சிறு பங்குதான். மற்றவை ஏதோ ஒரு கட்சியின் கோட்டை, அங்கே பிரைமரியில் ஜெயித்தவர் உறுப்பினர் ஆனதுபோலத்தான்.

நியூயார்க்கின் 14ஆவது தொகுதியைப் பாருங்கள். குவீன்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளைச் சேர்த்து சுமார் 7 லட்சம் மக்கள். 2018 ஜூன் பிரைமரியில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், இருபது ஆண்டுகளாக உறுப்பினராக இருந்த ஜோ கிரவுலியைத் தோற்கடித்தார். பதிவான மொத்த வாக்குகள் 30,000கூட இல்லை. அவருக்குக் கிடைத்தது சுமார் 17,000. அவர் ஜெயித்தது சரியா தவறா என்பது என் கேள்வி இல்லை. 7 லட்சம் பேரின் பிரதிநிதி யார் என்பது அந்த ஜூன் மாத நாளிலேயே முடிந்துவிட்டது. எந்தக் கட்சியிலும் பதியாதவர்களுக்கு அன்று சாவடிக்குள் இடமே கிடையாது. அமெரிக்கர்களில் ஏறக்குறைய 43 சதவீதம் பேர் தங்களை எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்று காலப் நிறுவனத்தின் 2024 கருத்துக்கணிப்புகளில் சொன்னார்கள். அந்தத் தேர்தலை நடத்தும் செலவும் அவர்களின் வரிப்பணத்தில்தான் வருகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

மூடி வைப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறதே? கட்சி வேட்பாளரைக் கட்சிக்காரர்தானே தேர்வு செய்ய வேண்டும்?

இருக்கிறது, அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு கொள்கைக்காகச் சேர்ந்தவர்கள், அந்தக் கொள்கையை யார் சுமந்து போவது என்பதைத் தாங்களே முடிவு செய்ய விரும்புவது இயல்பு. நீதிமன்றமும் இதை ஏற்றிருக்கிறது. எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் கலந்து வைத்து யாரும் யாரையும் தேர்வு செய்யலாம், ஆனால் ஜெயிப்பவர் அந்தந்தக் கட்சியின் வேட்பாளர் ஆவார் என்ற முறையை கலிஃபோர்னியா 1996இல் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. கட்சிக்குச் சேரும் உரிமை இருப்பதுபோல, வேண்டாதவர்களைச் சேர்க்காமல் இருக்கும் உரிமையும் உண்டு என்பதுதான் அதன் சாரம். கனெக்டிகட் வழக்கில் 1986இல் இதே உரிமை எதிர்த்திசையில் பேசியது: கட்சியே கட்சி சாராதவர்களை அழைக்க விரும்பினால் மாநிலச் சட்டம் தடுக்க முடியாது.

ஆனால் கட்சியின் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மிகுந்த வலியோடு கற்றுக்கொண்ட நாடு அது. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி தன் பிரைமரியில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று வைத்திருந்தது. அன்றைய தெற்கில் அந்தக் கட்சியின் பிரைமரியே முழுத் தேர்தல் என்பதால், கறுப்பின மக்களுக்கு நவம்பரில் இருந்த வாக்குரிமைக்கு மதிப்பே இல்லை. "நாங்கள் தனியார் அமைப்பு, யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்" என்றுதான் கட்சி வாதாடியது. 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முறியடித்தது. மூடிய பிரைமரி எல்லாம் அதுபோல என்று நான் சொல்லவில்லை. யார் ஆட்சிக்கு வருவது என்பதை முடிவு செய்யும் இடம் ஒரு கட்சியின் சொந்த வீடாக மட்டும் இருக்க முடியாது என்பதை அந்த வழக்கு காட்டியது.

திறந்து வைத்தால் எதிர்க்கட்சிக்காரர்கள் புகுந்து பலவீனமான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட மாட்டார்களா?

எல்லோருக்கும் வரும் பயம் இது. 2008இல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, ஜனநாயகக் கட்சிப் போட்டியை இழுத்தடிப்பதற்காக ஹிலரி கிளின்டனுக்கு வாக்களியுங்கள் என்று குடியரசுக் கட்சிக்காரர்களை வெளிப்படையாகத் தூண்டினார். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் கட்சியின் போட்டியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குழி பறிக்கப் போவது நடைமுறையில் அரிது. தாண்டி வருபவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குப் பிடித்தவருக்காகவே வருகிறார்கள். 2000இல் மிச்சிகனின் குடியரசுக் கட்சி பிரைமரியில் ஜான் மெக்கெய்ன் ஜார்ஜ் புஷ்ஷை வென்றது அப்படி வந்த ஜனநாயகக் கட்சியினர், கட்சி சாராதவர்கள் வாக்குகளால்தான்.

திறந்தால் அரசியல்வாதிகள் மிதமானவர்களாக மாறுவார்களா?

திறப்பதை ஆதரிப்பவர்கள் தரும் பெரிய வாக்குறுதி இதுதான். ஆய்வுகளும் நடப்பும் அதற்கு அவ்வளவாகத் துணை நிற்கவில்லை. 2014இல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், வர்ஜீனியாவில் தன்னைவிடக் கடும்போக்குக் கொண்ட டேவ் பிராட் என்ற பேராசிரியரிடம் தோற்றார். அது திறந்த பிரைமரி. கதவு திறந்திருந்தாலும் உள்ளே வருவது பெரும்பாலும் தீவிர ஆர்வலர்கள்தான்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, இது கொஞ்சம் வேறு மாதிரி பேசுகிறது. 2021 ஜனவரியில் டிரம்ப்பைப் பதவி நீக்க விசாரணைக்கு உட்படுத்த வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 10 பேர். அடுத்த தேர்தலில் 4 பேர் ஒதுங்கிக்கொண்டார்கள், லிஸ் செய்னி உட்பட 4 பேர் பிரைமரியில் தோற்றார்கள். மீண்டும் ஜெயித்தவர்கள் இரண்டே பேர்: கலிஃபோர்னியாவின் டேவிட் வாலடேயோ, வாஷிங்டன் மாநிலத்தின் டேன் நியூஹவுஸ். இரு மாநிலங்களிலும் கட்சி பிரைமரியே இல்லை, "முதல் இருவர்" முறை. அந்த முறை காப்பாற்றியது என்று முழுமையாகச் சொல்லவும் முடியாது, தோற்ற நால்வரில் ஒருவரான ஜேமி ஹெரேரா பட்லரும் வாஷிங்டன்காரர்தான்.

அதென்ன "முதல் இருவர்" முறை?

எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில். எல்லா வாக்காளர்களும் வாக்களிக்கலாம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், நவம்பருக்குப் போவார்கள். வாஷிங்டன் 2008 முதலும் கலிஃபோர்னியா 2012 முதலும் இப்படி நடத்துகின்றன. இதில் யாரும் "கட்சி வேட்பாளர்" ஆவதில்லை, அதனால் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறுக்கே வரவில்லை.

இதன் நல்லதும் கெட்டதும் இரண்டு தேர்தல்களில் தெரியும். 2016 கலிஃபோர்னியா செனட் தேர்தலில் நவம்பருக்கு வந்த இருவருமே ஜனநாயகக் கட்சி: கமலா ஹாரிஸ், லொரெட்டா சான்செஸ். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வேர்கொண்ட குடும்பத்தின் பேத்தி செனட்டுக்குப் போனது இந்த முறையில்தான். அந்த மாநிலத்தில் உண்மையான போட்டி அந்தக் கட்சிக்குள்தான் என்பதால், எல்லா வாக்காளர்களும் அதில் பங்கெடுக்க முடிந்தது நல்லதே.

மற்றது 2012, கலிஃபோர்னியாவின் 31ஆவது தொகுதி. சான் பெர்னார்டினோ பகுதி, ஒபாமா எளிதாக ஜெயித்த இடம். பிரைமரியில் ஜனநாயகக் கட்சியிலிருந்து நான்கு பேர், குடியரசுக் கட்சியிலிருந்து இருவர். நான்கு பேர் வாக்குகளைப் பிரித்துக்கொண்டதில் முதல் இரண்டு இடங்களும் குடியரசுக் கட்சிக்குப் போயின. நவம்பர் சீட்டில் அந்தத் தொகுதியின் பெரும்பான்மை ஆதரித்த கட்சியின் பெயரே இல்லை. ரெட்லண்ட்ஸ் நகர மேயராக இருந்த பீட் அகிலார் மூன்றாம் இடத்தில் நின்று வெளியேறினார். 2014இல் மீண்டும் நின்று ஜெயித்தார். இடையில் இரண்டு ஆண்டுகள் அந்த மக்களுக்கு அவர்கள் விரும்பிய பிரதிநிதி இல்லை.

சிறு கட்சிகளுக்கு இது இன்னும் மோசம். பசுமைக் கட்சியும் லிபர்டேரியன் கட்சியும் நவம்பர் சீட்டில் ஏறுவது அநேகமாக நின்றே போனது. "திறப்பு" என்ற பெயரில் வந்த சீர்திருத்தம், மக்கள் அதிகமாக வாக்களிக்க வரும் நாளில் தேர்வுகளைக் குறைத்துவிட்டது. இதில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

அலாஸ்கா வேறு வழியில் போனதாகச் சொல்கிறார்களே?

ஆமாம். 2020இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற முறைப்படி, ஒரே பிரைமரியில் முதல் நான்கு பேர் நவம்பருக்குப் போகிறார்கள். நவம்பரில் 1, 2, 3, 4 என்று விருப்ப வரிசை குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவரது சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

செனட்டர் லிசா மர்கௌஸ்கியின் கதை இந்த மாற்றத்தை நன்றாகக் காட்டும். 2010இல் குடியரசுக் கட்சி பிரைமரியில் ஜோ மில்லரிடம் தோற்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நவம்பரில் சீட்டில் பெயர் இல்லாமலேயே, வாக்காளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதி ஜெயிக்க வைத்தார்கள். செனட்டில் அப்படி ஒருவர் ஜெயித்தது 1954க்குப் பிறகு அதுதான் முதல்முறை. 2021இல் அந்தப் பதவி நீக்க விசாரணை செனட்டுக்கு வந்தபோது டிரம்ப்பைக் குற்றவாளி என்று வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்களில் 2022இல் தேர்தலைச் சந்தித்தவர் அவர் ஒருவரே. புதிய முறையில் பிரைமரியைச் சுலபமாகத் தாண்டி, ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களின் இரண்டாம் விருப்பத்தோடு ஜெயித்தார்.

குறையும் அங்கேயே தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபை இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா, குடியரசுக் கட்சியின் சாரா பேலின், நிக் பெகிச் மூவரும் மோதினார்கள். பெகிச் தனித்தனியாக மற்ற இருவரையும் வென்றிருப்பார் என்று சீட்டுகளை ஆராய்ந்தால் தெரிகிறது. முதல் விருப்பத்தில் மூன்றாவதாக வந்ததால் அவர்தான் முதலில் வெளியேறினார். எந்த முறையும் குறையற்றது இல்லை. 2024இல் இந்த முறையை ரத்து செய்ய வைத்த வாக்கெடுப்பு 800க்கும் குறைவான வாக்குகளில் தோற்றது.

விருப்ப வரிசை நமக்குப் பழக்கமானதுதானே?

பழக்கம்தான். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பம் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில்தான் முதல்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ண வேண்டி வந்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது சுமார் 42 சதவீதம். அங்கே முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் நீக்கிவிடுவார்கள், அலாஸ்காவில் ஒவ்வொருவராக. அந்தத் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அவருக்கு முதல் விருப்பம் கொடுத்துவிட்டு, கொழும்பில் யார் வர வேண்டும் என்பதை இரண்டாவதாகக் குறிக்கவும் வழி இருந்தது. இந்தியாவில் மாநிலங்களவைக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிப்பதும் விருப்ப வரிசையில்தான்.

சரி, அமெரிக்காவில் மூன்றாவது கட்சி ஏன் வளரவில்லை?

ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார் என்பது விதி. அதில் மூன்றாவதாக நிற்பவர், தனக்கு நெருக்கமான கட்சியின் வாக்கைத்தான் பிரிப்பார். 1992 அதிபர் தேர்தலில் இரு கட்சிகளையும் சாராமல் நின்ற ராஸ் பெரோ நாடு முழுக்கச் சுமார் 19 சதவீதம் வாங்கினார், ஒரு மாநிலம்கூட ஜெயிக்கவில்லை. 2000இல் ஃபுளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 வாக்கில், பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97,000க்கும் மேல். அதற்குப் பிறகு பசுமைக் கட்சியை மனதுக்குள் ஆதரித்தவர்கள்கூடக் கைநடுங்கினார்கள்.

இந்தியாவிலும் இதே விதிதான், அங்கே எப்படி இத்தனை கட்சிகள் என்று கேட்பீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் முதல் இரண்டு கட்சிகள் வேறு. தமிழ்நாட்டில் தொகுதிப் பங்கீடு என்ற ஏற்பாடும் இருக்கிறது: சிறு கட்சிகள் கூட்டணிக்குள் சில இடங்களை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. அமெரிக்காவில் பிரைமரி அந்த வழியை அடைத்துவிடுகிறது. தொகுதியை யாருக்கும் "ஒதுக்க" கட்சித் தலைமையால் முடியாது. அதனால் தனிக்கட்சி தொடங்க வேண்டியவர்கள் பெரிய கட்சிக்குள் புகுந்து பிரைமரியில் நிற்கிறார்கள். பெர்னி சாண்டர்ஸ், டிரம்ப் இருவரும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான்.

இரண்டு கட்சிகள் ஒரே வேட்பாளரை நிறுத்தலாமா?

நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் மட்டும். 2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தல் சீட்டில் ஸோரான் மம்தானியின் பெயர் ஜனநாயகக் கட்சி வரிசையிலும் உழைக்கும் குடும்பங்கள் கட்சி வரிசையிலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இது பரவலான வழக்கம், பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தடை செய்தன. அந்தத் தடை செல்லும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் உண்மையில் எதை மாற்ற வேண்டும்?

என் கருத்து: பிரைமரியின் கதவைவிட நவம்பர் தேர்தலின் தொகுதி அமைப்பு. ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள், வாக்குகளின் விகிதத்தில் இடங்கள். அப்போது 20, 25 சதவீத ஆதரவுள்ள கட்சிக்கும் இடம் கிடைக்கும், கோட்டைத் தொகுதி என்பதே கரையும். பல கட்சிகள் இருந்தால், பிரைமரியில் இடம் கிடைக்காதவருக்குப் போக வேறு வீடு இருக்கும். அப்போது ஒரு கட்சி தன் கதவை மூடிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்பது 1967ஆம் ஆண்டுச் சட்டம், நாடாளுமன்றம் நினைத்தால் மாற்றலாம். நியூசிலாந்து அப்படி மாறிய நாடு. 1978இல் தொழிற்கட்சி அதிக வாக்கு வாங்கியும் தேசியக் கட்சி ஆட்சி அமைத்தது, 1981இலும் அதேபோல. அதே 1981இல் சமூகக் கடன் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கிப் பெற்றது 92இல் 2 இடங்கள். மக்களின் கோபம் 1993 வாக்கெடுப்பில் முடிந்து, 1996இல் விகிதாசாரம் கலந்த முறையில் ஆறு கட்சிகள் சபைக்குள் வந்தன.

அமெரிக்காவிலேயே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் 1941 முதல் விகிதாசார முறையில் நகரசபையைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரிகனின் போர்ட்லண்ட் 2024இல் சேர்ந்துகொண்டது: நான்கு வட்டாரம், வட்டாரத்துக்கு மூவர், கால்வாசி வாக்கு இருந்தால் ஓர் இடம் உறுதி.

2024இல் இந்தச் சீர்திருத்தங்கள் எல்லாம் தோற்றதாகக் கேள்விப்பட்டேன்.

பெரும்பாலும். பிரைமரியைத் திறக்கும் திட்டங்களைக் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, மொன்டானா, தென் டகோட்டா, அரிசோனா ஆகிய மாநிலங்களின் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். தலைநகர் வாஷிங்டன் மட்டும் ஏற்றது. லூசியானா பின்னோக்கியே போகிறது: 1975 முதல் எல்லோரையும் ஒரே சீட்டில் வைத்த மாநிலம், 2026 முதல் நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கட்சி பிரைமரியைக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது.

எனக்கு இப்போதுதான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. கட்சியில் பதிவதா, வேண்டாமா?

திறந்த மாநிலம் என்றால் கட்சியைப் பற்றி யோசிக்க வேண்டாம், வாக்காளராகப் பதிந்தபின் நேரே போய் வாக்களியுங்கள். மூடிய மாநிலம் என்றால் உங்கள் தொகுதியில் எந்தக் கட்சி எப்போதும் ஜெயிக்கிறதோ அதில் பதியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கொள்கை முழுவதும் ஒத்துப்போக வேண்டியதில்லை, நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கட்சி மாற்றும் கடைசி நாளை மட்டும் தவறவிடாதீர்கள். 2016இல் டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அந்த நாளைத் தவறவிட்டதால் நியூயார்க் பிரைமரியில் சொந்த அப்பாவுக்கே வாக்களிக்க முடியவில்லை. ஏப்ரலில் நடந்த பிரைமரிக்குக் கட்சி மாற்ற முந்தைய அக்டோபரே கடைசி. பிறகு நியூயார்க்கில் அது பிப்ரவரி 14 ஆனது. ஃபுளோரிடாவில் தேர்தலுக்கு 29 நாள் முன். உங்கள் கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தால், எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறீர்கள் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.